பிரசவ வார்டில் வெளுத்த சாயம்

எனக்குக் குரோஷா பின்னத் தெரியும். இதை யாரிடம் சொன்னாலும், சொன்ன பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிடுவேன். அவர்கள் சிரித்து முடிக்க வேண்டும் அல்லவா. முறுக்கு மீசையும் முன்தள்ளிய தொப்பையுமாக ஒரு ஆம்பளை, கொக்கி ஊசியைப் பிடித்துக்கொண்டு குழந்தைக் குல்லா பின்னுகிறான் என்றால் குமாரபாளையத்தில் ஒரு தெருவே சிரிக்கும். சிரித்திருக்கிறது.

இந்த வித்தை எனக்கு பைக்கிலிருந்து விழுந்ததால் வந்தது. (குரோஷா கற்றுக்கொள்ள எல்லோரும் விழ வேண்டியதில்லை. நான் எதையும் சுற்றி வளைத்துச் செய்கிறவன்.) காலில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு அம்மாள் நூலில் ஆமை பின்னிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவனுக்கு ஒரு ஆமை வராதா என்று தோன்றியது. ஆமை வரவில்லை. ஆனால் வட்டமாக ஏதோ வந்தது. அதைத் தலையில் வைத்துப் பார்த்தால் குல்லா மாதிரி இருந்தது.

நூலுக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. அப்பா விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். லுங்கியும் துண்டும் ஓடும். ஓட்டியது போக, நூல் சுற்றி வரும் ஒவ்வொரு கோனின் அடியிலும் கொஞ்சம் மிஞ்சும். தறிக்கு ஆகாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அந்த மிச்ச நூலெல்லாம் என் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் டிவி ரிமோட், தண்ணீர் பாட்டில், அம்மாவின் மூக்குக்கண்ணாடி, மொபெட் சீட் எல்லாவற்றுக்கும் சட்டை போட்டுவிட்டேன். கேஸ் சிலிண்டருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"ஏஞ்சாமி, இந்த ஊட்டுல நான் ஒருத்தன்தான் பாக்கி. வா, எனக்கும் அளவெடுத்துக்கோ."

அம்மாதான் வழி சொன்னார். "பின்னறது பின்னறே, யாருக்காச்சும் ஆகற மாதிரி பின்னு சாமி. பச்சக் கொழந்தைங்களுக்குக் குல்லா பின்னிக் குடு. புண்ணியமாப் போவுது."

அப்படித்தான் உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குல்லாவும் கையுறையும் பின்னிக் கொடுக்க ஆரம்பித்தேன். எல்லாம் வெள்ளை நூல். அம்மா ஒவ்வொன்றையும் வெந்நீரில் அலசி, வெயிலில் காய வைத்துத்தான் அனுப்புவார். அங்கே யாரோ ஒருவர், "கை நல்லா சுத்தமுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் நடக்கும்போதே கொஞ்சம் மேலே பார்த்துத்தான் நடப்பேன்.

இதே சமயத்தில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படித்துவிட்டு அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்திருக்கிற பையன் என்று தெரிந்தால், பெண் வீட்டார் நாங்கள் கொடுத்த டீயை முழுசாகக்கூடக் குடிக்க மாட்டார்கள். கடைசியில் பரமத்தி வேலூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். பெண் பெயர் கோகிலா. போட்டோவில் மட்டும் பார்த்திருந்தேன். (அந்த போட்டோவை எத்தனை தடவை பார்த்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.) "மூத்த புள்ளைக்குப் பிரசவ நேரமுங்க. அது நல்லபடியா முடியட்டும், பொறவு பேசிக்கலாமுங்க" என்று அவள் அம்மா போனில் சொல்லியிருந்தார்.

நல்லபடியாக முடிந்தது. நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. செய்தி வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரு சாமி. வெறுங்கையோட போவாத. உன்ற கையால பின்னுனதக் குடு. பையன் பொறுமைசாலின்னு அவியளுக்கும் தெரியட்டும்."

வருங்கால உறவுக்கு வெறும் வெள்ளைக் குல்லாவா என்று என் கலை உள்ளம் கேட்டது. பட்டறைக்குள் போய்த் துழாவினேன். கதவுக்குப் பின்னால் ஒரு மூட்டை இருந்தது. பிரித்தால், மயில் கழுத்து நிறத்தில் பளபளவென்று நீல நூல். கோன்களில் முக்கால்வாசி நூல் அப்படியே இருந்தது. இவ்வளவு நல்ல நூலை ஏன் மூலையில் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். நான் யோசித்தது வேறு. ஒரு குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் காரியத்துக்காகக் கொடுத்த மாதிரி இருக்கும். வார்டு முழுக்கக் கொடுத்தால் தர்மம். காரியம், தர்மம் இரண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போகலாமே.

கதவைச் சாத்திக்கொண்டு பின்னினேன். அம்மாவிடம் அலசக் கொடுக்கவில்லை. தண்ணீரில் நனைத்தால் அந்தப் பளபளப்பு போய்விடுமே. (அது மட்டும் சரியான கணிப்பு.)

நாமக்கல் ஆஸ்பத்திரியில், கோடைக்காலத்து முற்பகலில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நான் பிரசவ வார்டுக்குள் நுழைந்தேன். சரோஜா என்ற பெரிய நர்ஸ் வாசலிலேயே மறித்தார். விஷயத்தைச் சொன்னதும் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "அட, ஜோரா இருக்குதுங்களே. எல்லாத்துக்குமே இருக்குதுங்களா?" என்று அவரே கட்டில் கட்டிலாக அழைத்துப் போனார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். சரோஜாம்மா ஒவ்வொரு குழந்தைக்கும் குல்லாவையும் கையுறையையும் மாட்டிவிட, தாய்மார்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள், "நீ நல்லாருக்கோணும் சாமி" என்று தலையைத் தொட்டு வாழ்த்தினார்.

ஜன்னலோரக் கட்டிலில் கோகிலாவின் அக்கா படுத்திருந்தார். பக்கத்தில் அவர்களுடைய அம்மா, பேரன் தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிளாஸ்க்கோடு நின்றது கோகிலா. போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் உயரம்.

"நீங்களே பின்னுனீங்களா?" என்றாள்.

"ஆமாங்க."

"எல்லாமேவா?"

"ஆமாங்க."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு எதுவும் வரவில்லை. அவள் அம்மா பக்கம் திரும்பி, "சுத்தமான பருத்திங்க. பச்ச ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாமர்த்தியமாகப் பேசிவிட்ட திருப்தியில் டீ குடிக்க வெளியே போனேன்.

நான் டீக்கடையில் இருந்தபோது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. எண்ணெய் தடவிய தலைகள் வியர்த்தன. பசித்த குழந்தைகள், குழந்தைகள் எல்லாம் செய்வதைப் போல, கையை வாயில் வைத்துச் சப்பின. கையில் என் கையுறை இருந்தது.

திரும்பி வந்தபோது வார்டே ஓடிக்கொண்டிருந்தது. சரோஜாம்மா "டாக்டரம்மா, டாக்டரம்மா" என்று கூவிக்கொண்டு என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். எட்டிப் பார்த்தேன். கோகிலாவின் அக்கா மகனுக்கு உதடு நீலம். கையுறையைக் கழற்றினால் விரல் நீலம். நாக்கை நீட்டியது, நாக்கும் நீலம். அடுத்த கட்டிலில் அதே. அதற்கடுத்த கட்டிலிலும் அதே. மூச்சு சரியாக இல்லாத குழந்தைகளுக்குத்தான் இப்படி நீலம் பாயும் என்று யாரோ சொல்ல, தாய்மார்கள் அழ ஆரம்பித்தார்கள். வெளியூருக்கு வந்து என்ன கொடுமையைப் பார்க்கிறோம் என்று நான்கூட வேண்டிக்கொண்டேன். என்னைவிட உருக்கமாக அங்கே யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா ஓடி வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஒரு சின்ன கிளிப்பைக் குழந்தையின் காலில் மாட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். இன்னும் சுருக்கினார். குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பிறகு பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தார். உதடு சிவப்பானது. பஞ்சு நீலமானது.

"கொழந்தைக்கு ஒண்ணுமில்ல" என்றார். "பஞ்சுக்குத்தான் நீலம் பாஞ்சிருக்கு. இந்தக் குல்லாயெல்லாம் யாரு குடுத்தது?"

என்னை வாழ்த்திய அத்தனை கைகளும் என் பக்கம் நீண்டன.

"நீங்களே பின்னுனீங்களா?"

"ஆமாங்க."

"எல்லாமேவா?"

அதற்கும் ஆமாங்கதான். தலையை மட்டும் ஆட்டினேன்.

டாக்டரம்மா என்ன நூல், என்ன சாயம் என்று கேட்கவே அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அது என் வாழ்க்கையின் அடுத்த தவறு.

"எந்த மூட்டை? கதவுக்குப் பின்னாடி கெடந்ததா?" அப்பா பட்டறைச் சத்தத்தில் பேசிப் பழகியவர். வார்டு முழுக்கக் கேட்டது. "அது சாயம் நிக்காத நூலுடா. சாயப்பட்டறைக்காரன் மூஞ்சில எறியலாம்னு எடுத்து வச்சிருந்தேன். நீ எதுக்கு அதத் தொட்டே? ஏதாச்சும் பின்னித் தொலைச்சயா? யாருக்குக் குடுத்தே?"

போனை அணைத்தேன். கோகிலாவின் அம்மா நிதானமாகச் சொன்னார், யாரிடமும் சொல்லாத மாதிரி எல்லோரிடமும். "நூலு நனைச்சா சாயம் போவுமா போவாதான்னு தெரியாதவனுக்குத் தறிக்காரவிய ஊட்டுல என்ன வேலையாமா?"

டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னார். குழந்தைகள் வாயை உடனே சுத்தம் செய்ய வேண்டும். சாயங்காலம் வரை எல்லோரும் அவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். "இவரும்தான்" என்று என்னைக் காட்டினார்.

சரோஜாம்மா குழந்தைகளின் வாயைத் துடைத்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினும் பழைய துணியும் கிடைத்தன. குழந்தைகளைத் தொட எனக்கு அனுமதி இல்லை. சாயம் பட்ட தலையணை உறை, துண்டு, கட்டில் கம்பி ஆகியவை என் பொறுப்பு. கோகிலா தண்ணீர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழுவாதீங்க" என்றாள் என்னிடம். "கொழந்தைங்களே அழுவல."

"அழுவலீங்க. வேர்வைங்க" என்று முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தேன்.

ஒரு தாய் சிரிக்க ஆரம்பித்தார், அடுத்த கட்டிலுக்குப் பரவியது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குதுங்க" என்று கெஞ்சினார் ஒருவர். சரோஜாம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா சிரிப்பை மறைக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோகிலா செல்போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தாள். எனக்கு அப்போது காரணம் தெரியாது. கழிவறைக் கண்ணாடியில்தான் பார்த்தேன். நெற்றியிலிருந்து மோவாய் வரை மயில் கழுத்து. மீசை மட்டும் கருப்பு.

சாயங்காலம் எல்லாக் குழந்தைகளும் நலம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் நீலம் போகாமல், அப்படியே காரை ஓட்டிக்கொண்டு ஊர் வந்தேன். வழியில் சுங்கச்சாவடிப் பையன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தான். அம்மா வாசலில் ஆவலாக நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "சம்பந்தம் என்னாச்சு?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

வேறு ஜாதகம் தேடத் தொடங்கியிருந்தபோது பரமத்தி வேலூரிலிருந்து போன் வந்தது.

"புள்ளைக்குச் சம்மதமாமுங்க" என்றார் கோகிலாவின் அம்மா. "ஏன்னு எங்களுக்கும் தெரியலீங்க."

கல்யாணம் ஆன பிறகு ஏன் சம்மதித்தாள் என்று நானே கேட்டேன். "வந்த மாப்பிள்ளை போட்டோவுல எல்லாரும் ஒரே மாதிரி கையக் கட்டிட்டு நிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் நீலமா நின்னீங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற யாரா இருந்தாலும் வண்டிய எடுத்துட்டு ஓடியிருப்பாங்க. நீங்க சாயங்காலம் வரைக்கும் இருந்து தொடச்சீங்களே" என்றாள். (சரோஜாம்மா என் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டது அவளுக்கு இதுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.)

கல்யாணத்துக்கு என் மைத்துனர்கள் மண்டப வாசலில் வைத்த பிளெக்ஸில் மாப்பிள்ளை முகம் நீலமாக இருந்தது. அச்சடித்தவர் கலர் தப்பாக வந்துவிட்டது என்று பயந்து, முந்தின நாள் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாராம். கல்யாணப் பட்டு எடுக்கப் போன கடையில் என் மாமியார், சேலையைத் தொட்டுப் பார்க்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். கடைக்காரர் குடிக்க என்று நினைத்துக் கொடுத்தார்.

சென்ற ஆண்டு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே ஆஸ்பத்திரி. பிறந்த செய்தி கேட்டு, பிளாஸ்க், துண்டு, மாற்றுத்துணி எல்லாம் அடைத்த பையோடு மாடிப்படி ஏறி ஓடினேன். வார்டு வாசலில் சரோஜாம்மா நின்றிருந்தார். கொஞ்சம் தலை நரைத்திருந்தது. என் பெயர் கேட்கவில்லை, யாரைப் பார்க்க வந்தேன் என்றும் கேட்கவில்லை. மீசையை ஒரு பார்வை பார்த்தார், பையை என் கையிலிருந்து வாங்கினார்.

"நீங்க உள்ள போலாமுங்க" என்றார். "பை மட்டும் வெளிய இருக்கட்டும்."

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், நான் பார்க்கப் போனால், வாசல்படியிலேயே யாராவது ஒருவர் இதைச் சொல்லித்தான் என்னை வரவேற்கிறார்கள்.