அரை மணி நேரச் சட்டம்

பேராசிரியரின் இடது கன்னத்துக்கு மட்டும்தான் பவுடர் போட்டு முடிந்திருந்தது. அதற்குள் வாசலில் இருந்து வாட்ச்மேன் போன் செய்துவிட்டார்.

"மேக்கப்! வக்கீல் வந்துட்டாரு. லிஃப்ட்ல ஏத்தி விட்டுட்டேன்."

மேக்கப் என்றால் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனைக்காரர். அவர் கையில் இருந்த பஞ்சு கீழே விழுந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. நாட்டின் கடிகாரங்களையெல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க ஒரு சட்டம் வரப்போகிறது. வேண்டும் என்பவர் பேராசிரியர். வேண்டவே வேண்டாம் என்பவர் வக்கீல். பத்து மாதமாக வாரம் ஐந்து நாள், மாலை ஏழு மணிக்கு, இருவரும் நேரலையில் கத்துகிறார்கள். நாடே சாப்பாட்டை மறந்து பார்க்கிறது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே தயாரிப்பாளர் மேடம் ஒப்பனைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ஷோவுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கவே கூடாது. வெளியிலேயே அடிச்சுத் தீர்த்துட்டாங்கன்னா உள்ள வந்து என்னத்தப் பேசுவாங்க? தனித்தனி ரூம். பார்த்தாங்க, உன் வேலை போச்சு."

அதற்காகத்தான் இரண்டு ஒப்பனை அறைகள். இன்று மதியம் இரண்டாவது அறையில் குழாய் வெடித்து, நாற்காலிகூட மிதக்கிறது. இன்றோடு ஒப்பனைக்காரரின் தற்காலிக வேலை முடிந்து, நாளை முதல் நிரந்தரம். மனைவி அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

"சார், ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க."

"என்னய்யா, பாதி மூஞ்சியோட எங்க கூப்பிடற?"

"லைட் சரியில்ல சார். உள்ள நல்லா இருக்கும்."

உள்ளே என்றது கோட்டுகள் தொங்கும் சின்ன அறை. அங்கே லைட்டே கிடையாது. பேராசிரியரை இரண்டு கோட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தவும், வக்கீல் நுழையவும் சரியாக இருந்தது.

வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். "வேகமா முடி. இன்னைக்கு அந்த ஆளைக் கிழிக்கப் போறேன்."

"கிழிங்க சார். சார், எனக்கு ஒண்ணு புரியல. இந்தச் சட்டம் வந்தா என்ன ஆகும்?"

இதை அவர் வேலை மெனக்கெட்டுக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் அவர் மனைவி பேராசிரியர் கட்சி. மாடியில் குடியிருக்கும் மச்சான் வக்கீல் கட்சி. அண்ணனும் தங்கையும் பேசி ஏழு மாதம் ஆகிறது. மனைவி சமையலறைக் கடிகாரத்தை இப்போதே அரை மணி முன்னால் தள்ளிவிட்டாள். இதில் யார் பக்கம் நியாயம் என்று தெரியாமல் அவர் இரண்டு இடத்திலும் தலையாட்டி, கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

"என்ன ஆகுமா? பச்சைக் குழந்தை இருட்டுல எழுந்திரிக்கணும்யா! குழந்தை விஷயத்துல முடிவெடுக்க அந்த ஆளுக்கு என்ன உரிமை?"

"நியாயம்தான் சார்" என்றார் ஒப்பனைக்காரர். நேற்று பேராசிரியர் விளக்கியபோதும் இதையேதான் சொன்னார்.

அப்போது உள்ளே இருந்து ஒரு தும்மல். சாதாரணத் தும்மல் இல்லை. இழுத்து, நிறுத்தி, வெடித்த தும்மல்.

"யாரு அது?"

"எலி சார்."

"எலி தும்முமா?"

"இங்க தூசி ஜாஸ்தி சார்."

"யாருகிட்ட கதை விடற? இந்தத் தும்மலை நான் ஆயிரம் பேர்ல கண்டுபிடிப்பேன்!" வக்கீல் துண்டை உதறிவிட்டு எழுந்தார். மேஜை மேல் கத்தரிக்கோல் இருந்தது. ஒப்பனைக்காரருக்கு நாளைக்குப் பத்திரிகையில் கொலைச் செய்தி வரும், அதில் தன் பெயரும் வரும் என்று தோன்றிவிட்டது.

குரலைத் தாழ்த்தி, வாயில் வந்ததைச் சொன்னார். "சார், அடிக்காதீங்க சார்! அவரு ரொம்ப நொந்து போயிருக்காரு. நேத்து என்கிட்டயே சொன்னாரு. நீங்க சொல்றதுதான் சரியாம். வீம்புக்குத்தான் விட்டுக் கொடுக்கலையாம்."

வக்கீல் அப்படியே நின்றார்.

"அவரா சொன்னாரு? மன்னிப்பு மாதிரி ஏதாவது...?"

மாட்டிக்கொண்டாயிற்று, இனி எண்ணி எண்ணியா பொய் சொல்வது? "மன்னிச்சுக்கச் சொல்லுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு சார்."

வக்கீலின் கண்ணில் இருந்து நீர் இறங்கி, போட்ட பவுடரில் இரண்டு கோடு கிழித்தது. ஒப்பனைக்காரர் ஓட்டமாக ஓடிக் கோட்டு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு பக்கம் மட்டும் சமாதானமாகி என்ன பிரயோஜனம்?

"சார், வக்கீல் ஐயா வந்திருக்காரு. அழறாரு."

"அவனா? கல்லு அழும், அவன் அழமாட்டான்."

"உங்க விருப்பப்படியே நடக்கட்டும்னு சொல்றாரு சார். பத்து மாசம் வீணாப் போச்சேன்னு சொல்றாரு."

பேராசிரியர் பக்கத்தில் தொங்கிய கோட்டின் கையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அது செய்தி வாசிப்பவருடைய கோட்டு.

அப்பாடா என்று ஒப்பனைக்காரர் இருவரையும் தனித்தனியே தயார் செய்து, ஒருவரை இந்த வாசலிலும் ஒருவரை அந்த வாசலிலும் அரங்குக்குள் அனுப்பிவைத்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வேலை நிரந்தரம்!

ஏழு மணி. தொகுப்பாளர் முழங்கினார். "அரை மணி நேரச் சட்டம் நாட்டைப் பிளக்குமா? பேராசிரியர் ஐயா, நீங்க சொல்லுங்க!"

"வக்கீல் ஐயா சொல்றதுதான் சரி" என்றார் பேராசிரியர்.

தொகுப்பாளர் காதில் இருந்த கருவியைத் தட்டிப் பார்த்தார்.

"சேச்சே!" வக்கீல் பதறினார். "பெரியவங்க நீங்க. உங்க இஷ்டப்படியே ஆகட்டும்."

"இல்ல இல்ல, உங்க இஷ்டம்தான்."

"அட, நீங்க சொன்னதுதாங்க. நான்தான் புத்தி கெட்டுப் போய் நின்னேன்."

பத்து மாதமாக மேஜையைக் குத்திய கைகள் மேஜைக்கு மேலேயே கோத்துக்கொண்டன. விவாதம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. மீதி ஐம்பத்தாறு நிமிடத்துக்குத் தொகுப்பாளர் வானிலை சொன்னார்; அதற்குமேல் சொல்ல வானமே இல்லை.

ஒப்பனைக்காரரின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க நடக்குது அங்க? பேராசிரியர் வேண்டாம்னுட்டாரு, அதனால நானும் வேண்டாம்னுட்டேன்!"

"நல்லதாப் போச்சு. அப்ப உங்க அண்ணனும் நீயும் ராசி ஆயிட்டீங்களா?"

"எங்க? வக்கீல் வேணும்னு சொன்னதும் அவன் வேணும்னு குதிக்கிறான். விடுவேனா நான்? கடிகாரத்தைப் பழையபடி திருப்பி வச்சுட்டேன்!"

போனை வைக்கக்கூட நேரம் இல்லை. எதிரே தயாரிப்பாளர் மேடம் நின்றார்.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

"சமாதானம் பண்ணி வச்சேன் மேடம். நாட்டுக்கு நல்லதுதானே?"

"நாட்டுக்கு நல்லது பண்ண நான் எதுக்குய்யா ஸ்டூடியோ கட்டினேன்? நாளையிலிருந்து வராதே!"

ஒப்பனைக்காரர் சீப்பு, பிரஷ், பவுடர் டப்பா எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினார். மனைவியிடம் எப்படிச் சொல்வது, அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது? ஒரு நல்ல காரியம் செய்து வேலையைத் தொலைத்தவன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

விருந்தினர் சட்டையில் மைக் மாட்டிவிடும் சவுண்டு அக்கா, வயர்களைச் சுருட்டியபடியே உள்ளே வந்தார். விருந்தினர்கள் மைக்கை அணைக்க மறந்து பேசுவதெல்லாம் அவர் காதில்தான் விழும்.

"வருத்தப்படாதே தம்பி. வெளிய போறப்போ ரெண்டு பேரும் உன்னைத்தான் தேடினாங்க. கோயில் கட்டிக் கும்பிடணும்னாங்க."

"வேலை போச்சுக்கா. போகட்டும். ஒரு சட்டத்துக்காகப் பத்து மாசம் அடிச்சுக்கிட்ட ரெண்டு பெரிய மனுஷங்க என்னால ஒண்ணு சேர்ந்தாங்க. அந்தத் திருப்தி போதும்."

அக்கா வயரைக் கீழே போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! அவங்க சம்பந்திங்க தம்பி. பேத்தி பொறந்து பத்து மாசமா, யார் சொல்ற பேரை வைக்கிறதுன்னுதான் இந்தச் சண்டை!"