மலைப்பாதையில் ஒன்பது சதவீதம்

இந்த ஒரு தடவையாவது என் மனைவியைப் பயமுறுத்திவிடுவது என்று தீர்மானித்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்துப் பிரிவு. காலை முதல் மாலை வரை நொறுங்கிய கார்களின் படங்களைப் பார்ப்பவன். ஹாரன் கேட்டாலே எனக்கு வியர்க்கும். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். வீட்டில் அதற்கு ஊசிகூடத் தேவையில்லை.

பழைய பெட்ரோல் கார் படுத்துவிட்டது. இனி மின்சார கார் என்பதில் இருவருக்கும் சம்மதம். எந்தக் கார் என்பதில்தான் தகராறு.

"ஒரு சார்ஜுக்கு நானூத்தம்பது கிலோமீட்டர் போற பெரிய வண்டிதான் வேணும். நடுரோட்டுல நின்னுட்டா?"

"ஒரு மாசமா நாம ஓட்டினதை எழுதி வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரி, உங்க ஆபீஸ், பொண்ணோட ஸ்கூல், மார்க்கெட். எந்த நாளும் முப்பத்தெட்டைத் தாண்டல. சின்ன வண்டி இருநூறு போகும். விலையும் பாதி."

"திடீர்னு ஒரு அவசரம்னா?"

"உங்களுக்குத்தான் தினமும் அவசரம். அதுக்கு பாத்ரூம் போதும், கார் எதுக்கு?"

ஷோரூமில் சின்ன வண்டியை இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அவள் குளிக்கப் போன நேரம், வண்டியில் செருகியிருந்த சார்ஜர் வயரைப் பிடுங்கிப் போட்டேன். வழியில் சார்ஜ் இறங்கும். அலறுவாள். பெரிய வண்டிக்குக் கெஞ்சுவாள்.

"எங்க போகலாம்?" என்றேன் அப்பாவியாக.

"மலைக்கு அந்தப் பக்கம், அக்கா வீட்டுக்கு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. உற்சாகமாக ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

ஏற்றம் ஆரம்பித்தது. மீட்டரில் முப்பது சதவீத சார்ஜ் இருபதானது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஏசியை அணைத்தேன். பாட்டை நிறுத்தினேன். பதினாறு. பதிமூன்று. போனில் சிக்னல் போயிற்று. பின்னால் ஒரு லாரி முட்டுவதுபோல் உறுமியது.

"பேசாதே, சார்ஜ் போயிடும்!"

"நான் வாயே திறக்கலையே. நீங்கதான் கத்தறீங்க."

ஒன்பது. சிவப்பு விளக்கு. ஆபீஸில் பார்த்த படங்கள் எல்லாம் கண்முன் ஓடின. எல்லாவற்றிலும் என் முகம். ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துவிட்டேன்.

"நான்தான் வயரைப் பிடுங்கினேன்! என்னை மன்னிச்சிடு! நம்ம பொண்ணை இனிமே யாரு பார்த்துக்குவா?"

"இறங்கி இந்தப் பக்கம் வாங்க."

அவள் ஓட்டினாள். நான்கு வளைவில் உச்சி வந்தது, அப்புறம் இறக்கம். கண்ணைத் திறக்க எனக்குத் தைரியமில்லை.

"மீட்டரைப் பாருங்க."

பத்து. பதினொன்று. பதிமூன்று!

"இறக்கத்துல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பேட்டரி தானா ஏறும். சேல்ஸ்மேன் இதைச் சொன்னப்ப நீங்க பெரிய வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்துட்டிருந்தீங்க."

"அப்போ வயர்..."

"பாத்ரூம் ஜன்னல் வழியா பார்த்தேன். அதான் மலை ரோட்டைச் சொன்னேன். அக்கா வீட்டுலயும் பிளக் இருக்கு."

அங்கே மத்தியானம் முழுக்க வண்டி சார்ஜ் ஏறியது. எனக்குத்தான் கடைசிவரை ஏறவில்லை.

திங்கட்கிழமை சின்ன வண்டியையே எடுத்தோம். சேல்ஸ்மேன் புன்னகையோடு சாவியை என்னிடம் நீட்டினார்.

குறுக்கே ஒரு கை வந்தது. "என்கிட்ட கொடுங்க. அவர் பின் சீட்டு."