மடியில் ஒன்று, மதிலில் ஒன்று

அன்பு மச்சான் சன்னாசிக்கு, பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து உன் அக்காள் புருஷன் உடையப்பன் சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கு நான், மகன் முகுந்தன், மருமகள் சந்திரிகா, கொல்லையில் நிற்கும் வாழை உட்பட எல்லோரும் சுகம். பத்தாங் காலியில் உன் முழங்காலும் உன் வீட்டுக்காரி கண்மணியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். முகுந்தன் தமிழ் எழுதினால் உன்னால் படிக்க முடியாது. சந்திரிகாவிடம் சொன்னால் நான் சொன்னதை விட்டுவிட்டு அவள் நினைத்ததை எழுதுவாள். ஆகையால் வெளியாள் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். யார் என்று கேட்காதே. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதா, அது போதும்.

விஷயம் என்னவென்றால், வீட்டுக்கு நாய் வாங்கப் போகிறார்கள். மகனும் மருமகளும் காலையில் ரவாங்குக்கு வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருகிறார்கள், அதனால் எனக்குத் துணை வேண்டுமாம். நான் கேட்டேனா? உன் அக்காள் போய் ஐந்து வருடமாக ரேடியோ துணை, நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு ஹாஜி ரம்லி துணை. நாய்தான் குறையாக இருந்ததா? அதிலும் இரண்டு ஜாதி. சந்திரிகாவுக்கு யார்க்‌ஷயர் டெரியர், கண்ணை மறைக்கிற மயிர், தலையில் ரிப்பன். முகுந்தனுக்கு ஜாக் ரஸ்ஸல், வெள்ளையில் பழுப்புத் திட்டு, காலுக்குக் கீழே ஸ்பிரிங். "மாமா, இது மூனு கிலோகூட இருக்காது, உங்க காலை விட்டு நகராது" என்கிறாள் அவள். காலை விட்டு நகராதாம், அதுதானே மச்சான் பிரச்சினை! "அப்பா, ஜாக் ரஸ்ஸல் ஸ்மார்ட் லா, எலியெல்லாம் அஞ்சு நிமிஷத்துல செட்டில்" என்கிறான் இவன். கடைசியில் இருவரும் சேர்ந்து, "பகல் முழுக்க நீங்கதான கூட இருக்கப் போறீங்க, நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் போட்டுவிட்டார்கள்.

போன சனிக்கிழமை, நாய் விற்கிற சேது என்கிற பையன் இரண்டையும் வேனில் கொண்டு வந்துவிட்டான். "ஐயா, ரெண்டும் டெரியர்தான். ஒன்னு மடியில, ஒன்னு மதில்ல, எது வேணும் சொல்லுங்க" என்று சிரிக்கிறான். யார்க்‌ஷயர் இறங்கியதும் என் கால் கட்டைவிரலை நக்கியது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் நாயின் நடை சரியாகத் தெரியும் என்பதால். அந்த நேரம் பார்த்து ஜாக் ரஸ்ஸல் நாற்காலியில் ஏறி, அங்கிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து சாமி மேடைக்குப் போய், முருகனுக்கு வைத்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டு, வாசலுக்கு ஓடி ஒரே தாவலில் மதிலில் நின்றது. மதிலில் ஹாஜியின் கைலி காய்ந்துகொண்டிருந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு கொடியேற்றுகிற மாதிரி ஆட்டியது. ஹாஜி வெளியே வந்தான், பார்த்தான், அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டான்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் மதில் பக்கம் போகிறேன். மூன்று நாளாக அவன் தாம் பலகை ஆட வரவில்லை. சோடா மூடிக் காய்கள் பலகையில் வைத்தபடியே இருக்கின்றன. பால் சேர்க்காத தே ஓ இரண்டு கிளாஸ் ஊற்றி இரண்டையும் நானே குடித்து வயிறு கெட்டுப்போனது. அவனுக்கு நாயின் எச்சில் ஆகாது. நக்குகிற நாயை வாங்கினால் என் கையால் அவன் தேத்தண்ணி குடிப்பானா? தாவுகிற நாயை வாங்கினால் அவன் வீட்டுக்கே போய்விடுமே? ஆட்டத்தில் காயைத் திருடுவான், தோற்றால் கண்ணாடி சரியில்லை என்பான், அது வேறு. (எழுதுகிறவர் நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். எழுதுங்க, எழுதுங்க.) ஆனால் எஸ்டேட்டை மூடி எங்களை இந்தத் தாமான் வீடுகளுக்குக் கொண்டுவந்தபோது, நம் ஆட்கள் எல்லாம் முனை வீட்டுக்கு அடித்துக்கொள்ள, எனக்குப் பக்கத்து வீடு போதும் என்று கேட்டு வாங்கியவன் அவன் ஒருத்தன்தான். இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது.

நாய்க்குப் பயந்துதான் சொல்கிறேன் என்று நினைக்காதே. டெரியரை நான் முகுந்தனுக்கு முன்னாலேயே பார்த்தவன். துரை வீட்டு ட்ரிக்ஸி, இடது காது பழுப்பு. விடிகாலைப் பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிடும்போது துரையின் பூட்ஸ் பக்கம் உட்கார்ந்து, லேட்டாக வருகிறவனைத்தான் முதலில் மோந்து பார்க்கும். 1966, தீபாவளிக்கு முந்தின வாரம், மழைத் தூறல், நான் லேட். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. (எழுதுகிறவருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.)

ஆகவே மச்சான், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வர வேண்டும். தாய்மாமன் சொன்னால் முகுந்தன் கேட்பான். வீட்டு வாசல் நாய்க்கு ராசியில்லை என்றோ, அக்காள் கனவில் வந்து வேண்டாம் என்றாள் என்றோ, உனக்கு எது வாயில் வருகிறதோ அதைச் சொல். என் பேர் வெளியே வரக்கூடாது. வந்தால் கிரில் கதவைத் தட்டு, திருட்டுப் பயத்தால் பூட்டியே வைத்திருக்கிறேன்.

கண்மணிக்கு என் ஆசீர்வாதம். முருகன் உங்கள் இருவருக்கும் நல்ல முழங்காலும் குறைந்த சர்க்கரையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உடையப்பன் (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: தம்பி சன்னாசிக்கு, இதுவரை எழுதியது ஹாஜி ரம்லி. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த கை இது. இன்று மதிலோரம் என்னைக் கூப்பிட்டு, யாரோ வெளியாளைப் போல உட்கார வைத்து எழுதச் சொன்னான் உடையப்பன். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையை மாற்றவில்லை, காய் திருடுவதையும் சேர்த்து. ஆனால் சிலவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது என் கைலி இல்லை, மோட்டார் சைக்கிள் துடைக்கிற கந்தல். நான் உள்ளே போனது சிரிப்பை அடக்க. மூன்று நாளும் நாலு மணிக்கு வந்தேன், கிரில் பூட்டு. அந்த நாய்கள் திரும்பி வந்துவிடும் என்று பயந்து இவன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தால் நான் கூப்பிட்டது எப்படிக் கேட்கும்? நாய் எச்சில் பட்டால் எங்கள் மார்க்கத்தில் ஏழு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து, அவ்வளவுதான். கழுவத் தெரியாமலா நான் ஹாஜி? 1966-ல் ட்ரிக்ஸி துரத்த, பாதிக் கைலியோடு இவன் ஏறி விழுந்தது என் அப்பா ஓட்டிய எஸ்டேட் லோரியில். டவுன் வரும்வரை இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் நான். இவனை எனக்குத் தெரிந்ததே அப்படித்தான். நாய் விஷயம் முடிந்துவிட்டது. நேற்று முகுந்தன் மதில் பக்கம் வந்து கேட்டான், யார்க்‌ஷயர் என்று சொல்லிவிட்டேன், மதில் ஏறாது. சனிக்கிழமை நாய் வருகிறது. ஞாயிறு வாருங்கள், ஆட்டம் இனி என் வீட்டில். கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னான். ரேகை வரைக்கும் வாசித்துக் காட்டினேன்.