நலங்குப் பாட்டும் என் திருகும்

ஊருக்கு ஒரு படித்த முட்டாள் வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் தென்காசிக்கு அந்தக் குறையை நான்தான் தீர்த்துவைத்தேன். சொந்தமாக மைக் செட் வைத்திருந்தேன். (பேட்டரியில் ஓடும். பாதி நாள் அதன் பின்னால் நான் ஓடுவேன்.)

ஓர் ஆனி மாதம் குற்றாலத்தில் கல்யாணம். பந்தலின் ஒரு பக்கம் பெண் வீட்டார், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். பக்கத்துக்கு ஒரு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினேன். சம்பந்திகளுக்குள் எதிலும் ஒரு பிடி கூடக்குறைய இருக்கக் கூடாதே! "எங்க பக்கம் கேக்கல" என்று காலையிலிருந்து மாறி மாறி ஆள் வந்தது. நான் மேதாவியாயிற்றே, மைக் செட் பெட்டியில் ஒரு திருகு செய்து வைத்தேன். இடப்பக்கம் திருப்பினால் பெண் வீட்டுக் குழாய், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குழாய், நடுவில் வைத்தால் ஆளுக்குப் பாதி.

சாயங்காலம் நலங்கு. மணப்பெண்ணின் சித்தி மகள் செண்பகம் பாட உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அத்தை தன் மகனுக்கு அவளைப் பார்க்க வந்திருந்தார். பாட்டைக் கேட்டுவிட்டுப் பூ வைப்பதாகப் பேச்சு.

திருகு இடக்கோடியில் இருந்தபோது அவள் குரல் கணீரென்றது. வலப்பக்கம் கொண்டுபோனேன். போகிற வழியில் அமுங்கி, மறுகோடியில் மறுபடி கணீர். சரி, நியாயமாக நடப்போம் என்று நடுவிலேயே வைத்தேன். பாட்டு கிணற்றுக்குள் போய்விட்டது. பாவம், அவள் உயிரைக் கொடுத்துப் பாடி, கடைசியில் இருமிவிட்டாள்.

அத்தை எழுந்தேவிட்டார். "குரல் ஏறுது, எறங்குது. இருமுதா வேற. பிள்ளைக்கு நெஞ்சுல சீக்கு இருக்கும் போல. நமக்கு வேண்டாம்மா."

அந்தக் காலத்தில் ஒரு பெண் மேல் இந்தச் சொல் விழுந்தால் அப்புறம் யாரும் வாசலில் கால் வைக்க மாட்டார்கள். செண்பகத்தின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செண்பகம் தலை நிமிரவேயில்லை.

மைக்கை இழுத்தேன். "ஆச்சி, அந்தப் பிள்ளைக்குச் சீக்கு ஒண்ணுமில்ல. சீக்கு எம் பெட்டிக்குத்தான். தப்பு என்னுது. இப்ப நான் பாடுதேன், கேளுங்க!"

பாடினேன். (வெளியே கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது.) பாடிக்கொண்டே திருகினேன். என் குரலும் அதே இடத்தில் அமுங்கியது.

"ஏலே, அங்கனயே வையி! அதான் நல்லாருக்கு!" என்று யாரோ கத்த, பந்தலே சிரித்தது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குழாய்க்குப் பாதி மின்னழுத்தம் கொடுத்தால் சத்தத்தின் பலம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இரண்டு காலும் சேர்ந்தால் அரைதானே? நடுவில் ஆளுக்குப் பத்தில் ஏழு பங்கு மின்னழுத்தம் கொடுத்திருந்தால், பலம் ஆளுக்கு அரையாகி, கோடிக்குக் கோடி ஒரே சத்தமாகக் கேட்டிருக்கும். நான் பந்திப் பாயசத்தைப் பங்கிடுகிற மாதிரி பங்கிட்டுவிட்டேன்.

அத்தையும் சிரித்தார். ஆனால் பூ வைக்காமலே போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. மறுவாரம் செண்பகம் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். தை மாதம் தாலி கட்டினேன்.

"அந்தப் பாட்டைக் கேட்டுமாம்மா இவரைக் கட்டினே?" என்று எங்கள் மகள் இன்றும் கேட்பாள்.

"அத்தன பேர் முன்னால 'தப்பு என்னுது'ன்னு சொன்ன ஆம்பிளைய அன்னைக்குத்தான் பாத்தேன் ஏட்டி. அதுல ஏமாந்துட்டேன்" என்பாள் செண்பகம். "அதுக்கப்புறம் ஒரு நாளாவது அந்த வாய் அப்படிச் சொல்லியிருக்கா, கேளு!"