அடுத்த அட்டைக்குப் போன கண்

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த மருமகளுக்கு, நேற்றுப் பிற்பகல் முதல் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவனாகிவிட்ட உன் மாமன் ஆசியுடன் எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய். இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் நம் துப்பாக்கி கிளப் அணியின் கடைசி இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று முடிவு செய்யும் பயிற்சியாளர் நீதான். நீ போயிருக்கும் முகாமில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் இந்தக் காகிதம். அந்த ஓர் இடத்துக்கு நானும், நான் குறடு என்று அழைக்கும் பல் வைத்தியரும் நேற்று மோதினோம். முதலில் பேனாவை எடுத்து என் பெயரை எழுது, பிறகு மேலே படி.

நீ புறப்படுமுன் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. சுட்டபின் ஒவ்வொரு இலக்கு அட்டையிலும் ஓட்டை எங்கே விழுந்தது என்று, முட்டையிட்ட கோழி மாதிரி நான் நின்று ரசிப்பதைப் பார்த்து, "மாமா, வெடிச்சதும் அங்க உங்க வேலை முடிஞ்சுது. கண்ணு முதல்ல அடுத்த அட்டைக்குப் போகட்டும், துப்பாக்கி தானா பின்னாடி வரும். போற இடத்துலயும் முழு அட்டையப் பாக்காதீங்க, நடுவுல ஒரு புள்ளியப் பாருங்க" என்றாய். அன்றைக்கு என் கண்களுக்குக் கால் முளைத்ததுதான், இன்னும் உட்காரவில்லை. தேநீர் ஊற்றினால் கண் அடுத்த கோப்பைக்குப் போய்விடும், கை மட்டும் பழைய கோப்பையிலேயே நின்று கடமையாற்றும், மேசையில் கப்பல் விடலாம். சட்டையில் மூன்றாம் பொத்தானைப் பார்த்துக்கொண்டே முதல் பொத்தானைப் போட்டுக் கோணல்மாணலாக என் கண்ணாடிக் கடைக்குப் போனால், அங்கே ஒருவர் மூக்குக்குக் கண்ணாடி அளக்கும்போதே கண் வரிசையிலுள்ள அடுத்த மூக்குக்குத் தாவி, இருவர் கண்ணாடியும் மாறிப்போய், அவர்களில் ஒருவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து சாப்பிடவே உட்கார்ந்துவிட்டாராம். நல்ல குடும்பம், பரிமாறியிருக்கிறார்கள்.

வீட்டுச் சுவரெல்லாம் காகிதப் பொட்டு ஒட்டி, வெறுங்கையை நீட்டிப் பழகினேன். உன் அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கண்ணு ஊர் சுத்தப் போயிடுச்சு, கை மட்டும் வீட்டுல இருக்கு. இதுக்குப் பேரு வித்தையா?" என்றாள். விடுவேனா? துணி மடிப்பதிலேயே அவளுக்கும் பாடம் நடத்தினேன். கை இந்தத் துணியில், கண் அடுத்த துணியில். முடித்ததைத் திரும்பிப் பார்ப்பது கோழைத்தனம் என்றேன். துணி என்னவோ பந்து பந்தாகத்தான் வந்தது, ஆனால் வேகம்!

நேற்று குறடு முதலில் சுட்டார். ஒருவர் சுட்டு முடித்ததும் ஓட்டைகளின்மேல் பசைக்காகிதம் ஒட்டி மூடினால்தானே அடுத்தவர் கணக்கு சுத்தமாக இருக்கும்? ஆள் பற்றாததால் உன் அத்தை அந்தப் பணியை ஏற்றாள். அடடா, அந்தக் காட்சி! கை ஓர் அட்டையில், கண் மறு அட்டையில், புயலாகப் போய்ப் புயலாகத் திரும்பினாள். என் சிஷ்யை என்று நடுவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

பிறகு நான். தொடங்கச் சொல்லும் நேரக்கருவி கூவியது. கிட்டே இருந்த அட்டையில் புள்ளி, இரண்டு வெடி, கண் பறந்தது. பீப்பாய்க்குப் பின்னால் பாதி ஒளிந்திருந்த அட்டை, இரண்டு வெடி, கண் பறந்தது. சுடக்கூடாத வெள்ளை அட்டை நடுவில் நின்று 'என்னைப் பார், என்னைப் பார்' என்று கண்ணடித்தது, அதைப் பார்த்தால் குண்டும் அங்கேதான் போகும் என்று தெரிந்து, கடன்காரனைக் கண்டவன் போல முகம் திருப்பித் தாண்டினேன். தூரத்து மூலையில் கடைசி அட்டை, இரண்டு வெடி. முடிந்தது. மலைகள் நடுங்கின, மேகங்கள் கலைந்தன. நான் எந்த ஓட்டையையும் திரும்பிப் பார்க்கவில்லை, உன்மேல் ஆணை. நடுவர்தான் பார்த்தார். "கடைசி அட்டை, நட்டநடுவுல ரெண்டு" என்று உரக்கச் சொன்னார். குறடு தம் பல்லையே கடித்துக்கொண்டார். மயிரிழையில் நான் முந்திவிட்டேன்.

ஆகவே தாமதியாமல் பட்டியலை அனுப்பு. என் அக்காவாகிய உன் அம்மாவிடம், தன் தம்பி உருப்படமாட்டான் என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்ததை வாபஸ் வாங்கச் சொல். நீ நூறாண்டு கண் கெடாமல் வாழ்ந்து, தேவைப்பட்டால் என் கடையிலேயே கண்ணாடி வாங்கி மகிழ்வாயாக.

இப்படிக்கு,
அணியின் கடைசி இடத்தை அலங்கரிக்கும் மாமன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நடுவர் வந்து நிற்கிறார். அட்டைகளைக் கழற்றும்போதுதான் பார்த்தாராம், கடைசி அட்டையில் நான்கு ஓட்டை. நடுவில் இரண்டு, ஓரத்தில் விளிம்பைக் கடித்தபடி இரண்டு. அதில் குறடு சுட்டதை யாரும் மூடவேயில்லை. நடுவில் உள்ளவை தம்முடையவை என்று குறடு சத்தியம் செய்கிறாராம், நானும் செய்தேன். நடுவர் ஒவ்வொருவருக்கும் மொத்தத்தை மட்டுமே குறித்திருந்ததால் எது யாருடையது என்று தெரியவில்லை, அதனால் என் கணக்கு செல்லாது, வரும் ஞாயிறு நான் மறுபடி சுட வேண்டும். உன் அத்தையை முறைத்தேன். "நீங்கதானே சொன்னீங்க, முடிச்சதைத் திரும்பிப் பாக்காதேன்னு" என்கிறாள். எழுதிய என் பெயரை அடித்துவிடாதே, பென்சிலால் லேசாகச் சுற்றி வை. ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டுவதற்கு அவளே வருகிறாளாம். நான் எதைப் பார்ப்பது, அட்டையையா, அவள் கையையா? உடனே எழுது.