ராகு காலத்துக்குள் மூட வேண்டிய கணக்கு

ஒரு மனிதனைப் பற்றிப் பொய் சொல்ல அவனைவிடத் தகுதியான ஆள் கிடையாது. மற்றவர்கள் சொன்னால் கொஞ்சமாவது கூச்சப்படுவார்கள். எனக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோபாலபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வேலை என்றால், வவுச்சர்களில் பச்சைப் பென்சிலால் டிக் போடுவது. வயது இருபத்தாறு. உயரம் ஐந்தடி நாலங்குலம், அதுவும் செருப்போடு. தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் பாபு என்பவர் தன் ஜெராக்ஸ் கடையைப் பிரௌசிங் சென்டராக மாற்றியிருந்தார். எட்டு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு டேபிள் ஃபேன். உலகம் முழுக்க நண்பர்கள் கிடைப்பார்கள் என்று ஆபீஸில் ஒருவர் ஒரு நட்பு வலைதளத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு நாள் சாயங்காலம் நானும் அதில் கணக்குத் திறந்துவிட்டேன்.

உங்களைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு பெட்டி வந்தது. கேட்க வேண்டுமா? உயரம் ஆறடி என்று எழுதினேன். தொழில், நிதி ஆலோசகர். பொழுதுபோக்கு, குதிரையேற்றம். (எட்டு வயதில் மெரினாவில் ஒரு குதிரை மேல் என்னை உட்கார வைத்தார்கள். நான் போட்ட கூச்சலில் குதிரைதான் பயந்துபோனது.) கடைசியாக, கல்யாணம் என்பது சிறைச்சாலை, நான் ஒரு சுதந்திரப் பறவை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்தப் பறவை தினமும் அம்மா கட்டிக்கொடுத்த தயிர் சாதத்தை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறியது.

எட்டு மாதம் கழித்து அக்கா ஒரு வரன் கொண்டுவந்தாள். மயிலாப்பூரில் வீடு. பெண் பெயர் லலிதா, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா வைத்தியநாதன் வங்கி மேலாளர். பெண் பார்க்கப் போன இடத்தில் லலிதா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், என்ன படிப்பீர்கள் என்று. வாயில் பஜ்ஜி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே ஆள் காலி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஜாதகம் பொருந்தியது. மூன்று வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிறு, மூன்றரை மணிக்கு வைத்தியநாதன் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே லலிதா. மாமா கையில் ஒரு ஃபேக்ஸ் தாள். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அண்ணா பையன், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறேன் பேர்வழி என்று இன்டர்நெட்டில் என் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தை அப்படியே மயிலாப்பூர் எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறான். பூத்காரரும் படித்துவிட்டு, மாப்பிள்ளைக்குக் குதிரை இருக்கிறதா சார் என்று கேட்டாராம்.

மாமா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கடன் கேட்டு வந்தவரின் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஆறடிக்கு எங்கே குறைகிறது என்று கணக்குப் போட்டிருப்பார்.

"வயசுல எல்லாரும் எதையாவது எழுதறதுதான். நான் அதைப் பெரிசு பண்ணலை" என்றார். "ஆனா கல்யாணம் ஜெயில்னு ஊருக்கெல்லாம் எழுதி வெச்சுண்டு எங்க பொண்ணைக் கேக்கப்படாது. இந்த அக்கவுண்டை என் கண்ணு முன்னாடி க்ளோஸ் பண்ணணும். எனக்கு அத்தாட்சி வேணும். நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முடிச்சுடணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை கிடையாது."

கணக்கை மூடுவதற்கு எதற்கு நல்ல நேரம் என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பும் லலிதாதான் எடுக்கிறாளாம், அதனால் அவள் சாட்சி. மூன்று பேருமாகப் பாபு கடைக்குப் போனோம்.

எனக்குப் பயமே இல்லை. நான் வழக்கமாக உட்காரும் நாலாம் நம்பர் கம்ப்யூட்டர் என் பாஸ்வேர்டைத் தானே ஞாபகம் வைத்திருக்கும், நான் பெயரைத் தட்டினால் போதும். தட்டினேன். பாஸ்வேர்டு கட்டம் காலியாக நின்றது.

"அந்த மெஷின்ல வைரஸ் பூந்துகிச்சு சார், போன வாரம் எல்லாத்தையும் அழிச்சுட்டு புச்சா போட்டேன்" என்றார் பாபு. "இன்னா சார், பாஸ்வேர்டு மறந்துக்கினியா?"

ஆமாம், மறந்துதான் போயிருந்தேன். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நானாகத் தட்டியதில்லையே. மறந்தவர்களுக்கென்று வலைதளம் ஒரு வழி வைத்திருந்தது. கணக்குத் திறக்கும்போது ஒரு ரகசியக் கேள்விக்குப் பதில் கொடுத்திருப்போம், அதை மறுபடி சரியாகச் சொன்னால் உள்ளே விடும். ஐந்து தடவை தப்பாகச் சொன்னால் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படும், ஆனால் பக்கம் மட்டும் உலகத்தின் பார்வைக்கு அப்படியே இருக்கும். இதையெல்லாம் லலிதா திரையில் படித்து அவள் அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். பிறகு என்னுடைய ரகசியக் கேள்வியையும் சத்தமாகப் படித்தாள்.

உலகத்திலேயே உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?

சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் வம்பு என்று தோன்றியது. அதனால் பளிச்சென்று 'அம்மா' என்று அடித்தேன். அடித்துவிட்டு மாமாவைப் பெருமையாகப் பார்த்தேன். அவரும் திருப்தியாகத் தலையசைத்தார். அந்தக் காலத்து டயல்-அப் இணைப்பு, பதில் வர இரண்டு நிமிடம் ஆயிற்று. தவறு என்று வந்தது. பெற்ற தாயை எனக்குப் பிடிக்காது என்பதை ஒரு கம்ப்யூட்டர் மூன்று பேர் முன்னிலையில் அறிவித்துவிட்டது.

"ஸ்வாமி பேரா இருக்கும்" என்று மாமாவே கைகொடுத்தார். கபாலீஸ்வரர் என்று அடித்தோம். அதுவும் தவறு. தாய்ப்பாசமும் போய், பக்தியும் போயிற்று.

"சார், சினிமா ஹீரோயின் பேரு போட்டுப் பாரு சார், முக்காவாசிப் பேரு அதத்தான் போடுவாங்கோ" என்றார் பாபு. சீச்சீ, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் விரல்கள் ஒரு நடிகையின் பெயரை, ஒரு விநாடிகூட யோசிக்காமல், சரளமாக அடித்து முடித்துவிட்டன. அதுவும் தவறு. ஆனால் அடித்தது அடித்ததுதான். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி.

இரண்டே வாய்ப்பு பாக்கி. போனால் போகிறது, இதையாவது நமக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்வோம் என்று ஒரு மகா யோசனை தோன்றியது. 'லலிதா' என்று அடித்தேன். அடித்துவிட்டு அவளைப் பார்த்து மெதுவாகப் புன்னகைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் புன்னகைக்காக என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மாமா வங்கிக்காரர். தேதி பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். "அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி எட்டு மாசம்னு இங்கே போட்டிருக்கே. எங்க பொண்ணை நீங்க பார்த்தே மூணு வாரம்தானே ஆறது" என்றார். அப்படியானால் வேறு லலிதாவா என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது. இல்லை மாமா, சும்மா போட்டுப் பார்த்தேன் மாமா என்று குழறினேன். தவறு என்று வந்ததில் என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி.

இனி ஒரே ஒரு வாய்ப்பு. அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை போச்சு, லலிதா போச்சு என்று எனக்குக் கண் கலங்க ஆரம்பித்துவிட்டது. நிஜமாகவே அழுகை வந்தது. லலிதாவோ அதுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஃபேக்ஸ் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"உங்க பேரையே போட்டுப் பாருங்கோ" என்றாள்.

போட்டேன். கதவு திறந்தது.

பாபு வேறு வேலை இருப்பதுபோல் பிரிண்டர் பக்கம் போய்விட்டார். அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. அந்தப் படிவம் முழுவதிலும் நான் எழுதியிருந்த ஒரே உண்மை அதுதான்.

"உனக்கெப்படிடி தெரியும்?" என்று மாமா கேட்டார்.

"ஒரு பக்கம் முழுக்கப் படிச்சேன்பா. வேற யார் பேரும் அதுல வரவே இல்லை" என்றாள் கணக்கு டீச்சர்.

உள்ளே போனால் அங்கே இன்னொரு மானக்கேடு காத்திருந்தது. எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த நண்பர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் எனக்கு வலைதளத்தைச் சொன்ன ஆபீஸ்காரர். ஒன்று வலைதளமே எல்லோருக்கும் கொடுக்கும் வரவேற்பு நண்பர். மூன்றாமவர் போலந்தில் தபால்தலை சேகரிப்பவர். படிக்காமல் இருந்த ஒரே கடிதம், வலைதளம் தானாக அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. மாமாவின் கோபம் அந்த இடத்தில் இறங்கி, முகத்தில் ஒருவித இரக்கம் வந்தது. கோபத்தையாவது தாங்கியிருப்பேன்.

மூடும் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. தற்காலிகமாக மூடவா, நிரந்தரமாக மூடவா? தங்கள் வங்கியில் தற்காலிகமாக மூடுகிற வழக்கமே கிடையாது என்றார் மாமா. மணி நாலு இருபது. நான் மவுஸை நிரந்தரத்துக்கு நகர்த்தினேன்.

"டெம்பரரியே போடுங்கோ" என்றாள் லலிதா.

"ஏண்டி?"

"நானும் இன்னும் முடிவு பண்ணலைப்பா. வியாழக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் இவருக்கும் டெம்பரரியாவே இருக்கட்டும்."

மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று கைகாட்டினார். நான் தற்காலிகத்தை அழுத்தினேன். பாபு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுக்க, மாமா அதில் நேரத்தையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாலு நாளும் நான் டிக் போட்ட வவுச்சர்களை ஆடிட்டர் திரும்பவும் பார்க்க வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. லலிதாதான்.

"குதிரை ஏறத் தெரியுமா?"

"தெரியாது."

"நிஜ உயரம்?"

"அஞ்சு நாலு."

"செருப்போடயா?"

"செருப்போட."

"சரி, நாளைக்கு வாங்கோ" என்று வைத்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் பாஸான ஒரே இன்டர்வியூ அது.

கல்யாணத்துக்குப் பிறகு, இனி நிரந்தரமாக மூடிவிடவா என்று கேட்டேன். அவசரம் என்ன, பார்க்கலாம் என்றாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் அந்த வலைதளமே ஒரு நாள் கடையைக் கட்டிவிட்டது. ஆக, மாமாவின் ஃபைலில் எங்கள் ஜாதகங்களோடு இருக்கும் அத்தாட்சிப்படி, என் விவகாரம் இன்னும் டெம்பரரிதான். இருபத்தைந்து வருஷமாக அதைச் சொல்லியே என்னைக் காய்கறி வாங்கி வரச் செய்கிறாள்.

போன வருஷம் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு முழங்கால் ஆபரேஷன். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த நர்ஸ், நோயாளிக்கு மிகவும் நெருங்கியவர் யார், பெயர் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் லலிதா முந்திக்கொண்டாள்.

"அவர் பேரையே எழுதிக்கோங்கோ சிஸ்டர். கையெழுத்து வேணும்னா நான் போடறேன்."