கேக்கைத் தேடிக் கற்றல்

"கேக்கை நீங்கதான் சாப்பிட்டிருக்கீங்க டீச்சர்" என்றாள் வக்கீல்.

அறிவியல் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீல் என்பது முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால்கூட எதிர்க்கேள்வி போடுகிறவள்.

"நானா? எதை வெச்சு சொல்றே?"

"உங்க நகத்துல சாக்லேட் இருக்கு."

இருக்காதா பின்னே? கேக்கைச் செய்ததே அவள்தான். ஆனால் அதைச் சொல்ல முடியாது.

அவள் வேலை நிரந்தரமாவதும் ஆகாததும் இன்று பாடம் பார்க்க வந்திருக்கும் ஆபீசர் கையில் இருந்தது. அவருக்குத் 'தேடிக் கற்றல்' என்றால் உயிராம். ஆசிரியர் வாயைத் திறந்து விடை சொல்லக் கூடாது. பிள்ளைகளே கேள்வி கேட்டு, ஊகித்து, ஆதாரம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் டீச்சர் காலையிலேயே வந்து, தலைமை ஆசிரியை அறை மேசைமேல் ஒரு சாக்லேட் கேக்கை மூடி வைத்துவிட்டு, அங்கிருந்து வகுப்புவரை கேக் தூளைத் தூவிக்கொண்டே வந்திருந்தாள். வகுப்பில் காலி டப்பாவைக் காட்டி "கேக் எங்கே?" என்று கேட்பது, பிள்ளைகள் தூளைப் பிடித்துக்கொண்டு போவது, ஆளுக்கொரு துண்டு தின்பது, ஆபீசர் கை தட்டுவது. திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"யாரை வேணாலும் கேள்வி கேளுங்க. ஆபீசரை மட்டும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. விருந்தாளிக்கு மரியாதை முக்கியம்" என்று எச்சரித்தும் வைத்திருந்தாள்.

அந்த விருந்தாளி கடைசி பெஞ்சில், தூங்குமூஞ்சி என்று பெயரெடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாவம், ஜலதோஷம் போலிருக்கிறது. கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"தரையைப் பாருங்கப்பா. ஏதாவது தெரியுதா?" என்று டீச்சர் நைசாக வழி காட்டினாள்.

வகுப்பே எழுந்து தூளின் பின்னால் போனது. ஆபீசரும் பின்னால் வந்தார். வராந்தாவில் விளையாட்டு மாஸ்டர் மாட்டிக்கொண்டார்.

"வாயைத் தெறங்க சார்" என்றாள் வக்கீல்.

ஊரையெல்லாம் அதட்டுகிறவர், என்ன ஏதென்று தெரியாமல் திறந்துவிட்டார்.

"கடைவாயில கறுப்பா இருக்கு."

"அது சொத்தைப் பல்லும்மா."

"ஆதாரம்?"

மாஸ்டர் பல் டாக்டருக்கே போன் போட வேண்டியதாயிற்று.

டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. இனித் தாங்காது என்று தானே முன்னால் ஓடித் தலைமை ஆசிரியை அறைக் கதவைத் திறந்துவிட்டாள். அது இன்னும் வினையாகப் போயிற்று. வக்கீல் நேராகத் தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நீங்களும் ஒரு தடவை வாயைத் தெறந்தீங்கன்னா..."

"என்ன டீச்சர் இதெல்லாம்?"

"இதோ ஆச்சு மேடம்" என்று டீச்சர் பாய்ந்துபோய் மேசைமேல் இருந்த மூடியைத் தூக்கினாள்.

தட்டு காலி. துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

டீச்சர் தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க..."

"நான் இப்பதான் உள்ளே வர்றேன். காலையில ஆபீசர் சாரை இங்க உக்கார வெச்சிட்டு அப்பவே கிளம்பிட்டேன்."

வேலை போனது என்றே டீச்சர் முடிவு கட்டிவிட்டாள். போகிறதுதான் போகிறது, பள்ளிக்கூட மானமாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது.

"நான்தான் சாப்பிட்டேன். விட்டுடுங்க."

"அப்போ காலித் தட்டைப் பாத்து ஏன் முழிச்சீங்க?" என்றாள் வக்கீல். "ஆதாரம் இல்லாம எதையும் ஏத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போதும், போதும்" என்றார் ஆபீசர் கைக்குட்டைக்குள்ளிருந்து. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சே அதுதான். "ஆராய்ச்சியை இதோட முடிச்சுக்கலாம்."

டீச்சர் கையைக் கூப்பினாள். "மன்னிச்சிடுங்க சார். பசங்களால கண்டுபிடிக்க முடியல."

தூங்குமூஞ்சி மெல்லக் கொட்டாவி விட்டாள்.

"அதெல்லாம் சார் வந்து என் பக்கத்துல உக்காந்தப்பவே கண்டுபிடிச்சாச்சு டீச்சர். விருந்தாளியைக் கேக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதாலதான், மரியாதைக்கு மத்தவங்களை எல்லாம் விசாரிச்சிட்டிருக்கோம்."